உப்புவெளி டான்டம் சவாரி: விழிப்புலனற்றோருக்கான மலைச் சைக்கிள் சேவை எப்படி?

திருகோணமலையை அடுத்த உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் சுற்றுலா வருபவர்களுக்குச் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு சிறிய கடை, விழிப்புலனற்றவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் அரைநாள் மலைச் சைக்கிள் சவாரி நடத்துகிறது. பெரும்பாலும் டான்டமில், அதாவது இருவர் முன்னும் பின்னுமாக இருந்து மிதிக்கும் சைக்கிளில். தார் ரோட்டில் மெல்ல உருட்டிப் போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிற சவாரி அல்ல இது. கிரவல் ரோட்டு, பனங்காணி, குளக்கட்டு, களப்போர மணல் என்று உண்மையான தரையில் ஓடுகிறார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதுகிறோம். குறைகள் எல்லாம் இரண்டு கிழமையில் திருத்திவிடக்கூடியவை. ஒரு சின்னக் கடையின் பெயரோடு அவை இணையத்தில் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

போகலாமா என்று கேட்டால், போகலாம். ஆனால் எந்தச் சைக்கிள் தருகிறார்கள், முன்னால் இருந்து ஓடப்போவது யார் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு போகவேண்டும். பதிலைப் பொறுத்து அதே கடையில் அருமையான ஒரு காலையும் கிடைக்கும், இடுப்பு நோவும் கிடைக்கும்.

பார்வையுள்ள ஒருவர் கல்லைக் கண்டதும் அவரை அறியாமலே முழங்கால் மடிந்து, இடுப்பு சீற்றை விட்டுக் கொஞ்சம் எழும்பிவிடும். கல்லின் அடி காலோடு போய்விடும். பார்க்காமல் இருப்பவர் முழுப் பாரத்தையும் சீற்றில் போட்டபடி இருக்கிறார். அடி நேரே முள்ளந்தண்டுக்கு ஏறும். ஆகவே கல் வருவதற்கு முதல் அதைப் பற்றிய செய்தி அவரிடம் வந்து சேரவேண்டும், குரலாகவோ, சத்தமாகவோ, கைபிடியில் வரும் அசைவாகவோ. இந்தச் சேவையின் ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்தோம்.

வெளிநாடுகளில் இது பழகிய விஷயம். அமெரிக்கரான டானியல் கிஷ் 1966இல் பிறந்தவர். விழித்திரைப் புற்றுநோயால் 13 மாதக் குழந்தையாக இருக்கும்போதே இரண்டு கண்களையும் இழந்தார். நாக்கால் சொடுக்கி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து மரத்தையும் சுவரையும் அறிந்து தனியாகவே மலைச் சைக்கிள் ஓடுகிறார், மற்றவர்களுக்கும் பழக்கியிருக்கிறார். பொபி மக்மலன் என்பவர் நீரிழிவால் பார்வையை இழந்தவர். முன்னால் போகும் வழிகாட்டி கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல, செங்குத்தான இறக்கங்களில் போட்டிக்கே ஓடினார். ஒருவர் நம்பியது தன் காதை, மற்றவர் நம்பியது இன்னொருவரின் குரலை. உப்புவெளியில் இரண்டும் கலந்து நடக்கிறது. பெரும்பாலும் டான்டம், ஏற்கனவே சைக்கிள் ஓடப் பழகியவர்களுக்கு மட்டும் சத்தத்தைப் பின்தொடர்ந்து தனிச் சைக்கிள்.

கடையில் டான்டம் இரண்டு இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பெரியதுக்கு 29 அங்குலச் சில்லு, 36 கம்பி, 203 மில்லிமீற்றர் வட்டு உள்ள ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக், 2.4 அங்குல ரயர், பின்சீற்றின் கீழ் அடி தாங்கும் சீற்தண்டு. சின்னதுக்கு 26 அங்குலச் சில்லு, றப்பர்க் கட்டை பிடிக்கும் பழைய பிறேக், சாதாரண சீற்தண்டு. ரோட்டில் இரண்டும் ஓடும். கிரவலில் சின்னதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

காரணம் சீற்தண்டுதான். பெரிய சைக்கிளில் இருப்பது நாலு மூலை இணைப்புக்குள் இறப்பர்க் கட்டைகள் வைத்த வகை. குழியில் விழும்போது சீற் கீழும் பின்னுமாகச் சரிந்து திரும்பும். வழிகாட்டி சொல்லத் தவறிய கல்லின் அடியை அது பெருமளவு விழுங்கிவிடும். இறப்பர்க் கட்டைகள் இறுக்கத்தில் பல தரம் உண்டு, ஆளின் நிறைக்கு ஏற்ப மாற்றலாம். கடையில் ஒரே தரம்தான் பூட்டியிருக்கிறார்கள். 50 கிலோ ஆளுக்கு அது இறுக்கம். 85 கிலோ ஆளுக்கு, அதுவும் பத்து மணி வெயிலில் றப்பர் இளகிய பிறகு, அடிவரை போய் முட்டும். இன்னொரு சோடிக் கட்டை வாங்கி வைத்தால் தீர்ந்துபோகும் விஷயம். சீற் உயரத்தை ஆள் ஏறி இருந்த பிறகுதான் சரிபார்க்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். இருந்ததும் ஒன்று, ஒன்றரை சென்ரிமீற்றர் அமுங்கும். நின்றபடி அளந்து பூட்டினால் முழங்கால் மடிந்தே நிற்கும், அரை மணித்தியாலத்தில் உளையத் தொடங்கும்.

பின்னால் இருப்பவரின் ஹாண்டில், முன்னவரின் சீற்தண்டில்தான் பூட்டியிருக்கும். அது திரும்பாது, திருப்பவும் கூடாது. பிடித்துக்கொள்ளவும், சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணரவும்தான். ஹாண்டில் ஒடுங்கலாக இருந்தால் முன்னவரின் தொடை ஒவ்வொரு மிதிக்கும் விரல் மொழியில் இடிக்கும். இங்கே அகலமானது போட்டிருக்கிறார்கள், நல்லது. அதைவிட நல்லது, மணியைப் பின் ஹாண்டிலில் பூட்டியிருப்பது. கட்டாக்காலி மாடுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உள்ள ஒழுங்கைகளில் முன்னவரின் கை பிறேக்கை விட்டு எழும்பத் தேவையில்லை. ‘மணி’ என்று அவர் சொன்னதும் பின்னவர் அடிக்கிறார். பின்னால் இருப்பவர் ஏற்றிக்கொண்டு போகும் சுமை அல்ல, ஓட்டத்தில் பாதி அவருடையது என்பதைக் கடைக்காரர் விளங்கிக்கொண்டிருக்கிறார்.

இனிப் பெரிய குறை. டான்டமின் இடப்பக்கத்தில் முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கும் ஒரு செயின் உண்டு. சில்லை இழுக்கும் செயின் வலப்பக்கத்தில், பின் பெடலிலிருந்து போகும். இடப்பக்கச் செயின் கழன்றால் முன்னவரின் பெடல் சும்மா சுழலும். பின்னவரோ ஒன்றும் தெரியாமல் மிதித்துக்கொண்டே இருப்பார். சைக்கிளைத் தாங்கவேண்டிய ஆளின் கால் நழுவும் நேரத்தில் சைக்கிள் முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே இந்தச் செயின் தளரக்கூடாது. நடுவில் விரலால் தூக்கி அமத்திப் பார்த்தால் மொத்த ஆட்டம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் இருக்கவேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நாலைந்து இடத்தில் பார்க்கவேண்டும். பற்சில்லுகள் முழு வட்டமாக இருப்பது அரிது, ஒரு இடத்தில் சரியாக இருப்பது இன்னொரு இடத்தில் இறுகும். சின்ன சைக்கிளில் அந்த ஆட்டம் மூன்று சென்ரிமீற்றர் இருந்தது. முன் பெடலின் அச்சு, அதைச் சுற்றியுள்ள உறையின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக விலகி அமைந்திருக்கிறது. உறையின் பூட்டுப் போல்ற்றைத் தளர்த்தி, அச்சு முன்னுக்கு நகரும்படி உறையைக் கொஞ்சம் திருப்பி மீண்டும் இறுக்கினால் சரி. பத்து நிமிட வேலை.

மணல்தான் இதற்கெல்லாம் எமன். கடல் மணலும் உப்பு ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் செயினை அராவி எடுத்துவிடும். தடித்த எண்ணெயை ஊற்றி ஊற்றி விடுகிறார்கள். அதில் மணல் இன்னும் ஒட்டும். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் காய்ந்த தூரிகையால் தட்டி, துடைத்து, மெல்லிய உலர் வகை எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, மேலே மிஞ்சியதைத் துணியால் வழித்துவிடவேண்டும். ஏறுவதற்கு முதல் நீங்களே செயினைத் தொட்டுப் பார்க்கலாம். யாரும் பெடலைத் தொடமாட்டார்கள் என்று உறுதிசெய்துகொண்டு மட்டும் விரலை வையுங்கள். நறநறவென்று மணல் தட்டுப்பட்டால் துடைத்துத் தரச் சொல்லுங்கள்.

ரயர்க் காற்று பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேரும் சைக்கிளும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும். கிரவலுக்கு 2.4 அங்குல ரயரில் முன்னுக்கு 30, பின்னுக்கு 35 முதல் 38 பிஎஸ்ஐ பொருத்தம். மணலுக்கு 25 அளவுக்கு இறக்கினால் மிதக்கும், ஆனால் அதே காற்றோடு கல்லுக்குள் போனால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசிந்து இரண்டு கீறல் விழும். இந்தக் கடையில் புறப்படும்போது ஒருமுறை அடிப்பதோடு சரி. மணல் துண்டு முடிந்ததும் மீண்டும் அடிக்க பம்ப் கொண்டுவருகிறார்களா என்று கேளுங்கள். உடை முள்ளுக்கு, ஓட்டையைத் தானாக அடைக்கும் அடைப்புப் பாலை ரியூபுக்குள் விட்டிருக்கிறார்கள், அது வேலை செய்கிறது.

ஏறும் முறையை இவர்கள் பழக்கும் விதம் மிகவும் நன்று. முதலில் முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை சைக்கிளைக் கையால் தடவிப் பார்க்க விடுகிறார்கள், அவசரப்படுத்துவதில்லை. உங்கள் கையைப் பிடிப்பதற்கு முதல் கேட்கிறார்கள். பிறகு முன்னவர் இரண்டு பிறேக்கையும் பிடித்து, கால்களை அகல வைத்து நிற்கிறார். பெடல் சுழன்றால் கெண்டைக்காலில் அடிக்கும் என்பதால்தான் அந்த அகலம். நீங்கள் இடப்பக்கத்தால் ஏறி, சீற்றில் இருந்து, இரண்டு காலையும் பெடலில் வைக்கிறீர்கள். அவர் சொன்ன பிறகு பெடலைப் பின்னுக்குச் சுற்றி, அவரது வலக்காலுக்கு ஏற்ற உயரத்தில் நிறுத்துகிறீர்கள். ‘ரெடியா அக்கா?’ ‘ரெடி.’ ‘போவம்.’ இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் சைக்கிள் ஆடாமல் எழும்பும்.

நிற்கும்போதுதான் பிழை வரும். வேகம் குறைவதை உணர்ந்ததும் பழக்கத்தில் பின்னவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றப் பார்ப்பார். பாரம் அந்தப் பக்கம் சாயும், முன்னவரால் தாங்க முடியாமல் இருவரும் விழுவார்கள். ‘இறங்குங்கோ’ என்று கேட்கும்வரை இரண்டு காலும் பெடலில்தான். புறப்படுவதற்கு முதல், நின்ற இடத்திலேயே இதை நாலைந்து தரம் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். அலுப்பாக இருந்தாலும் செய்யுங்கள்.

குரலுக்கு வருவோம். மணித்தியாலத்துக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் ஒரு செக்கனுக்கு நாலு மீற்றருக்கு மேல் போகிறது. சொல் காதில் விழுந்து, விளங்கி, உடம்பு எழும்ப ஒன்றரை, இரண்டு செக்கன் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கல்லுக்கு எட்டு மீற்றருக்கு முதலே வாய் திறக்கவேண்டும். இங்கே உள்ள மூத்த வழிகாட்டி அதைத் துல்லியமாகச் செய்கிறார். ‘எழும்பு’ என்றால் சீற்றை விட்டு எழும்பவேண்டும். ‘சமம்’ என்றால் இரு பெடலும் ஒரே மட்டத்தில், மிதிக்காமல். கல்லில் பெடல் இடிக்காமல் இருக்க. ‘மணல்’ என்றால் விடாமல் சீராக மிதிக்கவேண்டும். ‘கியர்’ என்றால் மாற்றும் கணத்தில் அழுத்தத்தைக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் இருவரின் பலமும் சேர்ந்து செயினை அறுக்கும். மற்ற நேரம் ‘அண்ணா’, ‘அக்கா’, ‘வாங்கோ’ என்று பேசுபவர், கட்டளையில் மட்டும் மரியாதை விகுதியைக் கழற்றிவிடுகிறார். முன்கூட்டியே அதற்கு அனுமதியும் கேட்டுவிடுகிறார். அரைச் செக்கன் மிச்சம், அதற்காகத்தான்.

இளைய வழிகாட்டி நல்ல பிள்ளை, சைக்கிளும் நன்றாக ஓடுகிறார். ஆனால் இறக்கத்தில் இறங்கும்போது பனையையும் குளத்தையும் வர்ணித்துக்கொண்டே போகிறார். எச்சரிக்கை அதற்குள் மூழ்கிவிடுகிறது. கடினமான இடத்தில் வாய் அடைத்துப்போய், கடந்த பிறகு ‘அங்க ஒரு கல்லு இருந்தது’ என்கிறார். வர்ணனை வேண்டும்தான், வந்தவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். சமதரையில் சொல்லட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்சீற்றில் இருந்து அதே பாதையை அவரும் ஓடிப் பார்த்தால், எந்தச் சொல் எப்போது வேண்டும் என்பது தானாகவே பிடிபடும். எல்லா வழிகாட்டிகளுக்கும் கடைக்காரர் இதைக் கட்டாயமாக்கவேண்டும்.

தனிச் சைக்கிள் முறைக்கு முன்னால் போகும் வழிகாட்டியின் பின் சில்லில் சத்தம் வைத்திருக்கிறார்கள். பின் சட்டத்தின் மேல் தண்டில், ரிம்முக்குக் கிட்டவாக, கேபிள் டை ஒன்றை இறுக்கி, வால் மூன்று நாலு சென்ரிமீற்றர் கம்பிகளுக்குள் நீள விட்டால் போதும். 32 கம்பியுள்ள 29 அங்குலச் சில்லு 10 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு நாற்பது தரம் அளவில் தட்டும். வேகம் குறையக் குறையச் சத்தம் தடித்து, தட்டுத் தட்டாகப் பிரியும். பிறேக் பிடித்ததை வழிகாட்டி சொல்ல முதலே காது சொல்லிவிடும். வால் தேய்ந்து வளைந்துபோனால் சத்தம் மெலியும், ஆகவே இரண்டு பூட்டுவது பாதுகாப்பு. டிஸ்க் வட்டுக்கு எட்டாத உயரத்தில் மட்டும் கட்டவேண்டும். உங்கள் சொந்தச் சைக்கிளின் பின் அச்சு மிதிக்காதபோது டிக்டிக் என்று உரக்கக் கத்துவதாக இருந்தால் முன்னவரின் சத்தத்தை அது மறைத்துவிடும். மௌனமான அச்சுள்ள சைக்கிளைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த முறையை இவர்கள் அகலமான கிரவல் ரோட்டில் மட்டும், பின்னால் இன்னொருவர் காவல் வர, 10, 12 கிலோமீற்றர் வேகத்தில் நடத்துகிறார்கள். சரியான முடிவு. குளக்கட்டில் தனிச் சைக்கிள் கூடவே கூடாது. இரு பக்கமும் சரிவு, எதிரொலி தர ஒன்றும் இல்லை. நாக்குச் சொடுக்கு மரத்தையும் மதிலையும் வாகனத்தையும் காட்டும். குழியையும் சரிவையும் முழங்காலுக்குக் கீழுள்ள கல்லையும் நம்பிக்கையாகக் காட்டாது. பனங்காணிக்குள் இடைவெளி விட்டு நிற்கும் தனித்தனி மரங்கள் காதுக்கு நன்றாக அகப்படும். பழகிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்கே சைக்கிளை விட்டிறங்கி, வெள்ளைப் பிரம்போடு நடந்தபடி தொடங்கலாம்.

காற்றை மறக்கக்கூடாது. சுற்றுலாக் காலமான மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும். வெயில் ஏற ஏற அது பலக்கும், காதோரம் இரைந்து குரலையும் கேபிள் டை சத்தத்தையும் தின்றுவிடும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு எட்டரைக்குள் முடிக்கும் சவாரியை எடுங்கள். கடை ஒன்பது மணிச் சவாரியும் வைத்திருக்கிறது. பார்வையுள்ளவர்களுக்கு அது வெறும் வெக்கை, மற்றவர்களுக்கு அது செவியையும் இழப்பது. நவம்பர், டிசம்பர் மாரியில் கிரவல் ரோட்டு அரித்து நேற்றிருந்த பாதை இன்றிருக்காது, அப்போது வேண்டாம். கன்னியா தாண்டி உள்ளே பன்குளம் பக்கம் கூட்டிப்போகச் சொல்லிச் சிலர் கேட்கிறார்களாம். யானை நடமாடும் பக்கம் அது, கடைக்காரர் மறுப்பது சரி.

பார்வை கொஞ்சம் உள்ளவர்களுக்கு வேறு சிக்கல். பனை ஓலைக்கு இடையால் விழும் வெயிலும் நிழலும் மாறி மாறி வர, தரை முழுக்கக் குழி போலத் தெரியும். மஞ்சள் அல்லது மண்ணிறக் கண்ணாடி உதவும். வழிகாட்டி வெளிர்பச்சை மேற்சட்டை போடுகிறார், செம்மண் பின்னணியில் நன்றாக எடுபடும். முழுமையாகப் பார்வை இல்லாதவர்களும் கண்ணாடி போடத்தான் வேண்டும். முள்ளுக் கொப்பு வருவதைக் கண்டு தலை குனிய முடியாதவர்களுக்கு அது இன்னும் அவசியம். ஹெல்மெற்றில் முன்னுக்கு நீண்ட விளிம்பு இருக்கட்டும், கொப்பு முதலில் அதில் தட்டும். காதை மூடும் முழுமுக ஹெல்மெற் இங்கே தேவையில்லை. விழித்திரை கழன்றவர்கள், கடுமையான கிட்டப்பார்வையோ நீரிழிவால் விழித்திரைப் பாதிப்போ உள்ளவர்கள், குலுக்கல் சவாரிக்கு முதல் கண் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆகவேண்டும். கடை இதைக் கேட்பதில்லை, கேட்கவேண்டும்.

முற்பதிவில் ஒரு குறை மனதை உறுத்தியது. வாட்ஸ்அப்பில் விலை கேட்டால் அழகான ஒரு பட அட்டை வருகிறது. போனின் வாசிப்பான் அதை ‘படம்’ என்று மட்டும் வாசிக்கிறது. விழிப்புலனற்றவர்களுக்கான சேவையின் விலை, நேரம், நிபந்தனை எல்லாம் அந்தப் படத்துக்குள் அடைபட்டிருக்கிறது. அதே விபரத்தை எழுத்தாகவோ குரல் பதிவாகவோ அனுப்ப ஒரு சதமும் செலவில்லை. கையெழுத்து வைக்கவேண்டிய பொறுப்புத் தாளையும் அந்த இடத்திலேயே வேகமாக வாசித்து முடிக்கிறார்கள். முதல் நாளே குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் அனுப்புகிறார்கள்.

வாடகை இருவருக்கும் சேர்த்து ஒன்று, வழிகாட்டிக்குத் தனி. உங்களோடு வரும் பார்வையுள்ள சொந்தக்காரரே முன்னால் ஓடலாமா என்று கேட்டால் மறுக்கிறார்கள். கோபிக்கவேண்டாம். ஒற்றைச் சைக்கிளைவிட அரை மீற்றருக்கு மேல் நீண்ட டான்டம் திரும்பும்போது பின் சில்லு உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அதைப் பழகாதவர் மதகுக் கட்டில் உங்களை உரசிவிடுவார். திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நிலாவெளி பஸ்ஸில் ஏறி உப்புவெளியில் இறக்கிவிடச் சொன்னால், முன்கூட்டி அறிவித்திருந்தால் கடையிலிருந்து ஆள் வந்து நிற்கிறார். பதியும்போது ‘பெரிய டான்டம், மூத்த வழிகாட்டி, காலை ஆறு மணி’ என்று மூன்றையும் சொல்லிப் பதியுங்கள். அன்றைக்குப் பெரியது இல்லையென்றால் வேறு நாள் கேளுங்கள்.